ஒளி மிகும்போது: பாசிகளின் தற்காப்பு



பாசிகளைப் பற்றிப் பேசச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு எம்.ஓ.பி. அய்யங்கார் இந்தியப் பாசியியலுக்கு அடித்தளம் இட்டார். ஈரமண்ணில் வாழும் ஃபிரிட்ஷியெல்லா என்னும் பச்சைப்பாசியை 1932இல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர். அவர் வழிவந்த டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப்பாசி நூலை இன்றும் மாணவர்கள் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டுகிறார்கள். ‘இது எந்தப் பாசி?’ என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை வாழ்நாள் முழுவதும் உழைத்து விடை தேடியது. அந்த உழைப்பின்மீது நின்றுகொண்டு இன்று வேறொன்றைக் கேட்கிறேன். நிழல் தேடி ஒதுங்கக் காலில்லாத இந்த உயிர், சித்திரை மாத உச்சிவெயிலில் எப்படிப் பிழைத்திருக்கிறது?

கேள்வி சற்று விநோதமாகத் தோன்றலாம். வெயில்தானே பாசிக்கு உணவு, உணவு மிகுந்தால் நல்லதுதானே என்று நினைப்போம். பள்ளியில் ஒளிச்சேர்க்கையைப் படித்த விதமும் அப்படிப்பட்டதே. ஒளி வேண்டும், நீர் வேண்டும், கரியமிலவாயு வேண்டும் என்று படித்தோம். ஒளி கூடினால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகம் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்குப் பாடத்தின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருப்பதாகப் படுகிறது.

மேசைமேல் இரண்டு சோதனைக்குழாய்கள் இருக்கின்றன. ஒன்றில் குளத்துப் பச்சைப்பாசி உயிரோடு இருக்கிறது. மற்றொன்றில் அதே பாசியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டிய சாறு. வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் பச்சைதான். அரங்கத்து விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, நீலநிற எல்.இ.டி. டார்ச்சைச் சாற்றின்மீது பாய்ச்சுகிறேன். பாருங்கள், பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிர்கிறது. இப்போது அதே டார்ச்சை உயிருள்ள பாசியின்மீது பிடிக்கிறேன். சிவப்பு ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரு குழாய்களிலும் இருப்பது அதே பச்சையம், அதன்மேல் விழுவதும் அதே நீல ஒளி. ஏன் இந்த வேறுபாடு?

ஒளித்துகளை விழுங்கிய பச்சைய மூலக்கூறு சில நானோநொடிகளே கிளர்ந்த நிலையில் இருக்க முடியும். அதற்குள் அந்த ஆற்றலை எங்காவது இறக்கியாக வேண்டும். சாற்றில் அதை வாங்கிக்கொள்ள யாருமில்லை. ஆகவே ஏறத்தாழக் கால்பங்கு ஆற்றல் சிவப்பொளியாக வெளியே வருகிறது. உயிருள்ள பாசியில் வாங்கிக்கொள்ள ஆளிருக்கிறது. ஆற்றலின் பெரும்பகுதி வேதிவினைக்குப் போகிறது அல்லது வெப்பமாக மாறுகிறது. ஒளியாகக் கசிவது ஓரிரு விழுக்காடுதான். அந்தச் சிறு கசிவை அளந்துதான் பாசி உள்ளே என்ன செய்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். இன்று நான் சொல்லப்போகும் செய்திகளில் பாதிக்குமேல் அந்தக் கசிவைப் படித்து அறிந்தவை.

வேதிவினைக்கும் போகாமல், வெப்பமாகவும் மாறாமல், ஒளியாகவும் வெளியேறாமல் ஆற்றல் பச்சையத்திலேயே தங்கிவிட்டால்? அந்த மூலக்கூறு மும்மைநிலை என்னும் இன்னொரு கிளர்நிலைக்குச் சரிகிறது. அதன் ஆயுள் நெடியது. பக்கத்தில் ஆக்சிஜன் வந்தால் ஆற்றலை அதனிடம் கொடுத்துவிடும். ஆற்றலை வாங்கிய ஆக்சிஜனுக்கு ஒற்றைநிலை ஆக்சிஜன் என்று பெயர். அது தொட்ட கொழுப்பும் புரதமும் நிறமியும் சிதையும். நீரைப் பிளந்து ஆக்சிஜனை உண்டாக்கும் இடமே ஒளியை வாங்கும் இடமாகவும் இருப்பதால், பாசி தன் வீட்டுக்குள்ளேயே எரிபொருளையும் நெருப்பையும் அருகருகே வைத்திருக்கிறது.

எவ்வளவு ஒளி மிகை என்பதையும் பார்த்துவிடுவோம். 1932இல் ராபர்ட் எமர்சனும் வில்லியம் அர்னால்டும் குளோரெல்லா என்னும் பச்சைப்பாசியின்மீது மிகக் குறுகிய மின்னல் ஒளிகளைப் பாய்ச்சி, வெளிவரும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒரு மின்னலுக்கு ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுதான் கிடைத்தது. நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் சேர்ந்து ஒரே ஒரு வினைமையத்துக்கு ஒளியைத் திரட்டித் தருகின்றன என்ற புரிதல் அதிலிருந்து வளர்ந்தது. மங்கிய நீருக்கடியில் வாழும் உயிருக்கு இது அருமையான ஏற்பாடு. முழுவெயிலில் இதுவே ஆபத்து. உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. பல பாசிகளின் ஒளிச்சேர்க்கை சில நூறு மைக்ரோமோலிலேயே உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் முழுவெயிலில் நொடிக்குச் சுமார் 10 ஒளித்துகள்களை விழுங்குகிறது. அத்தனையையும் அந்த ஒற்றை வினைமையத்தால் வாங்கிச் செலவழிக்க இயலாது. மீதி எங்கே போவது?

நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இந்தக் கேள்வியைத் தண்ணீருக்குக் கேட்டு விடை கண்டார்கள். வயலுக்கு விடுவதற்கு மதகு. மதகு தாங்காத வெள்ளம் வந்தால் கரை உடையாமல் வழிந்து போவதற்குக் கலிங்கு. பாசியின் உள்ளும் ஒரு கலிங்கு இருக்கிறது. வேண்டாத ஒளியாற்றலை, மும்மைநிலைக்குச் சரிவதற்குமுன், தீங்கில்லாத வெப்பமாக அது வழியவிடுகிறது. கலிங்கு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது, யார் அதைத் திறப்பது என்று கண்டறிய அறிவியலுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

முதல் தடயம் நிறமியிலிருந்து வந்தது. பச்சையத்தோடு கூடவே கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் பாசியில் இருக்கின்றன. மும்மைநிலைப் பச்சையத்தையும் ஒற்றைநிலை ஆக்சிஜனையும் இவை நேரடியாகவே தணிக்கும். அவற்றுள் வயலாசாந்தின் என்ற நிறமி, ஒளி மிகும்போது இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழந்து சியாசாந்தினாக மாறுகிறது. ஒளி குறைந்தால் திரும்பவும் வயலாசாந்தின் ஆகிறது. 1962இல் யமமோட்டோவும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சுழற்சியின் படிகளை வகுத்துக் காட்டினார்கள். அது எதற்கு என்பது அப்போது விளங்கவில்லை. 1987இல் பார்பரா டெம்மிக்கும் உடன் ஆய்ந்தவர்களும், இலையில் சியாசாந்தின் கூடும் அளவுக்கு வெப்பமாக வழியும் ஆற்றலும் கூடுகிறது என்று காட்டியபோதுதான் பொருள் புரியத் தொடங்கியது. மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் தருவதும் இதே சியாசாந்தின்தான். நம் விழித்திரையின் நடுப்புள்ளியிலும் இது படிந்து நீல ஒளியின் கடுமையைத் தணிக்கிறது. கண் மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள், பெயர் இருக்கும்.

அடுத்த திருப்பம் கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் பச்சைப்பாசியில் நிகழ்ந்தது. இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1990களில் கலிஃபோர்னியாவில் கிருஷ்ண நியோகி, ஓலே பியோர்க்மன், ஆர்தர் கிராஸ்மன் மூவரும் மரபணு சிதைந்த ஏராளமான பாசிக் குடியிருப்புகளைத் தட்டுகளில் வளர்த்தார்கள். ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு பச்சைப் பொட்டு. தட்டின்மேல் வலிமையான ஒளியைப் பாய்ச்சி, கசியும் சிவப்பொளியை வீடியோ கேமராவில் பதித்தார்கள். நலமான பாசி மிகை ஆற்றலை வெப்பமாக வழியவிடும், அதன் சிவப்புக் கசிவும் மங்கும். கலிங்கு பழுதான பாசியில் கசிவு மங்காது. இருண்ட தட்டில் பளிச்சென்று நிற்கும் பொட்டு எதுவோ, அதில்தான் தேடும் மரபணு கெட்டிருக்கிறது. விலையுயர்ந்த தந்திரம் ஏதுமில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவு மட்டும் இருந்தது.

வயலாசாந்தினைச் சியாசாந்தினாக மாற்றத் தெரியாத பாசி அப்படித்தான் அகப்பட்டது. சியாசாந்தினும் லூட்டினும் சேர்ந்து இல்லாமற்போன பாசியைக் கடும் ஒளியில் வைத்தபோது அது வெளுத்துச் செத்தது. 2009இல் கிரஹாம் பியர்ஸும் நியோகியின் குழுவினரும் இன்னொரு பழுதுபட்ட பாசியை ஆராய்ந்து, எல்.எச்.சி.எஸ்.ஆர்.3 என்ற புரதம்தான் இந்தப் பாசியின் கலிங்கு என்று நிறுவினார்கள். பெயர் நீளம், ஆனால் வேலை எளிது. ஒளிதிரட்டும் புரதக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, திரட்டிய ஆற்றலை வெப்பமாக வெளியே விடும் புரதம் அது. மிகப் பழையது. மாஸ் வகைத் தாவரங்களில் அது இன்னும் இருக்கிறது. பூக்கும் தாவரங்கள் அதை எப்போதோ இழந்துவிட்டு, பி.எஸ்.பி.எஸ். என்ற இன்னொரு புரதத்தை நம்பி வாழ்கின்றன.

திறப்பது யார்? இந்த விடை என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வின் உட்புறத்தில் புரோட்டான்கள் சேர்கின்றன. அவை வெளியேறும் வழியில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது. கரியமிலவாயுவைச் சர்க்கரையாக்கும் வேலை வேகமாக நடந்தால் ஏ.டி.பி. செலவாகிக்கொண்டே இருக்கும், புரோட்டான்களும் தேங்காது. ஒளி மிகுந்து வேலை பின்தங்கினால் புரோட்டான்கள் தேங்கி உட்புறம் அமிலமாகும். அந்த அமிலம்தான் அறிவிப்பு. எல்.எச்.சி.எஸ்.ஆர்.3இல் உள்ள சில அமினோ அமிலங்கள் புரோட்டானை ஏற்றவுடன் அது வெப்பம் விடும் நிலைக்கு மாறுகிறது. வயலாசாந்தினை மாற்றும் நொதியும் அதே அமிலத்தால்தான் விழித்துக்கொள்கிறது. வெளியே எவ்வளவு வெயில் என்பதைப் பாசி அளப்பதில்லை. தன்னால் எவ்வளவு செலவழிக்க முடியவில்லை என்பதையே அளக்கிறது. குளிர்ந்த நீரில், உரம் போதாத நீரில், சாதாரண வெயிலே மிகையாகிவிடும். அங்கும் இந்த ஏற்பாடு தவறாமல் வேலை செய்யும்.

ஆனால் அந்தப் புரதத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைக்க வேண்டுமல்லவா? அதற்குப் பாசி நீல ஒளியைக் கவனிக்கிறது. ஃபோட்டோடிராபின் என்னும் நீலஒளி உணரிதான் எல்.எச்.சி.எஸ்.ஆர்.3 மரபணுவைத் தூண்டுகிறது என்று 2016இல் தெரியவந்தது. மங்கலான ஒளியில் வளர்ந்த கிளாமிடோமோனாஸில் இந்தப் புரதம் பெரும்பாலும் இருப்பதில்லை. கடும் ஒளிக்கு மாற்றிச் சில மணி நேரமானபின்தான் நிறைகிறது.

நீலப்பச்சைப்பாசிகளின் வழி முற்றிலும் வேறு. அவை பாக்டீரியாக்கள் என்பதை அறிவீர்கள். அவற்றின் ஒளிதிரட்டும் நீலப் புரதங்கள் சவ்வுக்கு வெளியே கொத்தாகத் தொங்குகின்றன, அமில அறிவிப்பு அங்கே எட்டாது. 1981இல் ஹோல்ட், குரோக்மன் என்ற இருவர் அவற்றிலிருந்து ஆரஞ்சுநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். கரோட்டினாய்டு ஒன்றை வயிற்றில் வைத்திருக்கும் புரதம். அதன் பணி என்னவென்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 2006இல் பிரான்சில் டயானா கிரிலோவ்ஸ்கியின் குழு அந்தப் பணியைக் கண்டது. நீலப்பச்சை ஒளி வலுவாகப் பட்டால் இந்த ஆரஞ்சுப் புரதம் சிவப்பாக மாறுகிறது. உள்ளே இருந்த கரோட்டினாய்டு நழுவி இடம்பெயர, புரதத்தின் இரு பாதிகள் விலகுகின்றன. திறந்த புரதம் நீலப் புரதக் கொத்தின் நடுவில் போய் ஒட்டிக்கொண்டு ஆற்றலை வெப்பமாக்கிவிடும். ஒரு கொத்துக்கு ஒன்று ஒட்டினாலே போதும். ஒளி தணிந்தபின் அதைப் பிரித்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரத் தனியாக இன்னொரு புரதம் இருக்கிறது. சோதனைக்குழாயில் வைத்து டார்ச் அடித்தால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இத்தனை காப்புகளையும் மீறிச் சேதம் நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் அடிபடுவது, நீரைப் பிளக்கும் இரண்டாம் ஒளியமைப்பின் நடுவில் இருக்கும் டி-1 என்ற புரதம். கடும் வெயிலில் அது அரைமணி நேரத்தில் தேய்ந்துபோகும். பாசி அதை வெட்டி நீக்கிவிட்டுப் புதிது செய்து பொருத்துகிறது, நாள் முழுவதும். இந்தப் பழுதுபார்ப்பு பின்தங்கும்போதுதான் ஒளிச்சேர்க்கை குன்றுகிறது. டயட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகள், வயலாசாந்தின் சுழற்சியைப் போன்ற ஒன்றை வேறு நிறமிகளைக்கொண்டு நடத்துகின்றன. சேற்றுப்படுகையில் வாழும் டயட்டம்கள் வெயில் ஏறினால் சேற்றுக்குள் இறங்கியும் விடும்.

இனி நம் கண்ணுக்கு நேரே தெரியும் சான்றுகள் இரண்டு. பழைய கோயில் மதில்களில், மழைநீர் வழிந்த தடத்தில், கோடையில் கறுப்பாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகைக்கறை, அழுக்கு என்று நினைத்துக் கடந்துபோவோம். பெரும்பாலும் அது உலர்ந்து காத்திருக்கும் நீலப்பச்சைப்பாசி. அதன் உறையில் சைட்டோனெமின் என்ற பழுப்புநிறமி இருக்கிறது. புறஊதாக் கதிர்களை உயிரணுவுக்குள் போகுமுன்னரே அது உறிஞ்சிவிடும். இதற்கு உயிர்ப்புச் செயல் எதுவும் தேவையில்லை. பாசி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நிறமி காத்துக்கொண்டிருக்கும். முதல் மழை பெய்த அன்றே கறுப்பு ஊறி உயிர்பெறும்.

மற்றொன்று உப்பளம். உப்பு செறிந்த பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைத் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களுக்கு அந்த நிறத்தில் பெரும்பங்கு உண்டு. டுனாலியெல்லா சலைனா என்ற பச்சைப்பாசிக்கும் பங்குண்டு. பிரான்சின் மோன்பெலியே அருகே உப்பளத்தில் 1838இல் இதைக் கண்ட டுனால் என்பவர் பெயரையே 1905இல் அதற்குச் சூட்டினார்கள். கடும் வெயிலும் உப்பும் சேர்ந்து நெருக்கினால், இது பீட்டா கரோட்டினைப் பசுங்கணிகத்தின் ஓரத்தில் எண்ணெய்த்துளிகளாகத் திரட்டிக்கொள்ளும். உலர் எடையில் 10 விழுக்காடுவரை அந்த ஒரே நிறமி இருக்கும். நீல ஒளி பச்சையத்தை எட்டுமுன் அங்கேயே தடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இதைக் குளங்களில் வளர்த்துக் கரோட்டின் எடுப்பது தொழிலாகவே நடக்கிறது.

காப்பு தோற்றால் என்ன நேரும் என்பதை மன்னார் வளைகுடா காட்டுகிறது. பவளப்பூச்சியின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து அதற்கு உணவூட்டுகின்றன. கடல் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால், அந்தப் பாசி கரியமிலவாயுவைச் சர்க்கரையாக்கும் வேலையும் டி-1 பழுதுபார்ப்பும் தடுமாறுகின்றன. நேற்றுவரை அளவாக இருந்த வெயில் இன்று மிகையாகிறது. நச்சு ஆக்சிஜன் பெருகுகிறது. பவளம் பாசியை வெளியேற்றி வெளுக்கிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெரும் வெளுப்பு நிகழ்ந்தது. நிழல் கிடைக்கும் பவளம் குறைவாக வெளுக்கிறது என்பதும் சோதனைகளில் கண்டது. பவள வெளுப்பை வெப்பத்தின் கதையாக மட்டுமே சொல்லிவருகிறோம். ஒளியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கதை அரைகுறை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை நிறைவடையாது. கலிங்கு திறக்க நொடிகள் போதும். மூடப் பல நிமிடங்கள் ஆகும், சியாசாந்தின் திரும்பி மாற இன்னும் நேரமாகும். வெயிலை ஒரு மேகம் மறைத்தபின்னும் ஆற்றல் வீணாக வழிந்துகொண்டே இருக்கும். பயிர்களிலும் இதே கதைதான். ஸ்டீபன் லாங்கும் நியோகியும் சேர்ந்து, மூன்று மரபணுக்களைக் கூட்டி இந்த மூடுதலை விரைவுபடுத்தினார்கள். 2016இல் வெளியான முடிவின்படி புகையிலைச் செடிகள் வயலில் 14 முதல் 20 விழுக்காடு கூடுதல் எடை கொண்டன. 2022இல் சோயாவிலும் நல்ல விளைச்சல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் அதே மாற்றம் வளர்ச்சியைக் குறைத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலில் சோதிக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டை நாம் அவசரமாகக் குறைசொல்லக் கூடாது. எந்த வெயிலுக்கு, எந்த நீருக்கு, எந்த வெப்பத்துக்கு அது அமைந்தது என்று முதலில் அறிய வேண்டும்.

அதனால்தான் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உலக ஆய்வகங்களில் இன்று வளரும் கிளாமிடோமோனாஸ் வகைகளில் பெரும்பாலானவை, 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த பாசியின் வழித்தோன்றல்கள். நம் அறிவின் பெரும்பகுதி அந்தக் குளிர்நாட்டு மண்ணில் பிறந்த பாசி சொல்லிக்கொடுத்தது. ஏரிகளிலும் உப்பளங்களிலும் கோயில் மதில்களிலும் நம் வெயிலுக்குப் பழகிய பாசிகள் இருக்கின்றன. அய்யங்காரும் தேசிகாச்சாரியும் அவற்றில் பலவற்றுக்குப் பெயரும் படமும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியற்காலையில் ஒரு முறையும் உச்சிவேளையில் ஒரு முறையும் அந்தப் பாசிகளை எடுத்து வாருங்கள். அவற்றின் நிறமிகளைப் பிரித்துப் பாருங்கள், சிவப்புக் கசிவை அளந்து பாருங்கள். துறைத்தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பச்சைய ஒளிர்வை அளக்கும் கருவி ஒன்றை இந்த ஆண்டே வாங்கி, பூட்டி வைக்காமல் இளங்கலை மாணவர்கள் கையிலேயே கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவில், தூத்துக்குடிப் பாத்தியில் எடுத்த அளவுகளோடு உங்களில் ஒருவர் இந்த மேடையில் நிற்க வேண்டும்.